பச்சை விளக்கு சொல்லாத சேதி

அக்கா கல்யாண வீடியோவில் தாத்தா சந்தனக் கிண்ணத்தை நீட்டுகிற இடம் வந்ததும் படம் நின்றுவிட்டது. ஆறேழு விநாடி இருக்கும். பிறகு தானாகவே ஓடியது. "ஐயா, இது சிக்குது பாரு" என்றார் அம்மா. ரிமோட்டை வாங்கி அதே இடத்தை மறுபடி போட்டேன். எங்கும் நிற்கவில்லை. வைஃபையாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் வேறொரு வீடியோவில் அதே மாதிரி ஒரு நிறுத்தம். அதற்கு மறுநாள் இன்னொன்றில். தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. வரப்போகிற சொந்தக்காரர்களுக்குப் போட்டுக் காட்டுவதற்காக அம்மா பழைய படங்களாகத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று தடவையும் நான் வைஃபையைத்தான் சொன்னேன்.

படிக்கட்டுக்குக் கீழே உள்ள அலமாரியில், வீட்டுப் படங்களையும் வீடியோக்களையும் சேமித்துவைக்கிற எங்கள் நாஸ் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. அதன் முகப்பில் நான்கு விளக்குகளும் பச்சையாகவே எரிந்தன. கைப்பேசிச் செயலியைத் திறந்தால் நான்கு டிஸ்க்குக்கும் நேராக 'நார்மல்' என்று எழுதியிருந்தது. உள்ளே மூன்றாம் டிஸ்க் செத்துக்கொண்டிருந்தது.

ஜொகூரில், உலு திராமில் ஒரு தாமான் வீட்டில் இந்தப் பெட்டியோடு மூன்று வருடம் வாழ்ந்துவிட்டு எழுதுகிற விமர்சனம் இது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் சொல்லப்போகிற குறை அந்த ஒரு பெட்டியோடு நிற்பதில்லை. நான்கு டிஸ்க் போடலாம், ஒவ்வொன்றும் 4 டெராபைட், ஒரு டிஸ்க் செத்தாலும் மற்றவற்றிலிருந்து தகவலை மீட்கிற ரெய்டு 5 முறையில் கட்டியிருக்கிறேன். மற்ற விவரமெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே இருக்கும்.

இதை வாங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. 2006 டிசம்பரிலும் அடுத்த மாதமே மறுபடியும் கோத்தா திங்கி வெள்ளத்தில் மூழ்கியது ஜொகூர்க்காரர்கள் யாருக்கும் மறந்திருக்காது. எங்கள் அத்தை வீடு அங்கேதான். தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் ஆல்பங்கள் ஒவ்வொன்றும் ஒரே கட்டியாக ஒட்டிப்போயிருந்தன. பக்கத்தைப் பிரித்தால் முகம் எதிர்ப்பக்கத்தோடு போய்விடும். அப்பா தோட்டத்தில் வேலை பார்த்த காலத்துப் படங்களில் பாதி அந்த ஆல்பங்களில்தான் இருந்தன. மிஞ்சியதையாவது காப்பாற்ற வேண்டும் என்று அன்று தொடங்கியதுதான் எங்கள் வீட்டு ஸ்கேன் வேலை. படங்கள், கேசட்டிலிருந்து எடுத்த குரல்கள், 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசனிலிருந்து அப்பா வெட்டி ஒட்டிவைத்த துணுக்குகள், கல்யாண வீடியோக்கள் எல்லாம் சேர்த்து இன்று 3 டெராபைட்டுக்கு மேல். கடையில் மறுபடி வாங்கக்கூடிய பொருள் அதில் ஒன்றுகூட இல்லை.

பெட்டியின் நல்ல குணத்தையும் சொல்லிவிட வேண்டும். சத்தமே போடாது. வீட்டில் உள்ள எல்லாருடைய கைப்பேசிப் படங்களும் இரவில் தானாக வந்து சேர்ந்துவிடும். முகத்தைப் பார்த்து ஆளைப் பிரிக்கும் வசதி என்னை அசரவைத்தது. தாத்தாவின் ஒரு படத்தைக் காட்டிப் பெயர் கொடுத்தேன். அவர் முப்பது வயதில் ரப்பர்க் காட்டில் நின்ற கறுப்பு வெள்ளைப் படத்தையும் அது தேடிக் கொண்டுவந்து சேர்த்தது. அந்தப் படத்தில் இருப்பது அவர்தான் என்று எனக்கே அதுவரை தெரியாது. அம்மாதான் பார்த்து உறுதிப்படுத்தினார். அதற்காகவே இந்தப் பெட்டியை நெஞ்சார நேசித்தேன். அதனால்தான் அது என்னிடம் உண்மையைச் சொல்லவில்லை என்று தெரிந்தபோது அவ்வளவு வலித்தது.

உண்மை நாலு மெனுவுக்கு உள்ளே புதைந்திருந்தது. ஸ்டோரேஜ், பிறகு டிஸ்க், பிறகு ஹெல்த், பிறகு 'மேலும் விவரம்' என்று மங்கலான எழுத்தில் ஒரு சுட்டி. அதைத் தட்டினால்தான் ஸ்மார்ட் அட்டவணை வரும். ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கிற ஏடு அது. 1990களிலிருந்தே டிஸ்க்குகளில் இருக்கிறது. அதில் வரிவரியாக எண்கள். கைப்பேசிச் செயலியில் அது கிடையவே கிடையாது, கணினியில்தான் பார்க்க முடியும்.

முதலில் என் கண்ணில் பட்டது தவறான டிஸ்க். இரண்டாம் டிஸ்க்கில் 199ஆம் வரி 1,173 என்று காட்டியது. அவ்வளவு பெரிய எண்ணைப் பார்த்ததும் இதுதான் என்று முடிவுகட்டி, புது டிஸ்க் வாங்கச் சட்டையையும் மாட்டிவிட்டேன். அக்கா மகன் அப்போது வீட்டில் இருந்தான். சிங்கப்பூருக்குத் தினமும் போய்வருகிறவன், இந்த மாதிரி வேலையில் பழக்கம் உள்ளவன். "மாமா, கொஞ்சம் பொறுங்க. 199 டிஸ்க்கோட சீக்கு இல்ல, வழியில உள்ள சீக்கு" என்றான்.

அவன் சொன்னது சரி. 199 என்பது டிஸ்க்குக்கும் பெட்டிக்கும் இடையே போகிற தகவல் வழியில் சிதைந்துபோனால் ஏறுகிற எண். கேபிள், செருகுமிடம், தளர்ந்த இணைப்பு இவைதான் காரணமாக இருக்கும். தகவல் சிதைந்ததும் மறுபடி அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளும், படங்களுக்குச் சேதமில்லை. இந்த எண் ஒருமுறை ஏறினால் இறங்கவே இறங்காது. அதனால் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட இன்னும் ஏறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

பெட்டியை முறையாக அணைத்து, டிஸ்க் உட்கார்ந்திருக்கும் தட்டுகளை ஒவ்வொன்றாக உருவி, டார்ச் அடித்துப் பார்த்தோம். ஒரு செருகுமிடத்தின் தங்க நிறப் பற்களில் சர்க்கரை எறும்பு கூடு கட்டியிருந்தது. வெள்ளையாகப் பொடி முட்டைகள், செத்த எறும்புகள், பற்களில் பச்சை படிந்த கறை. நம் ஊர் ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் ஓயாமல் இளஞ்சூட்டில் இருக்கிற ஒரு பெட்டியைவிட எறும்புக்கு நல்ல வீடு கிடைக்காது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் மென்மையான பிரஷை நனைத்துப் பற்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, அரை மணி நேரம் காயவிட்டு, திரும்பச் செருகினோம். அன்றிலிருந்து 1,173 அப்படியே நிற்கிறது. ஒன்றுகூட ஏறவில்லை.

வீடியோ மட்டும் மறுநாளும் நின்றது.

பிறகுதான் மூன்றாம் டிஸ்க்கின் அட்டவணையைத் திறந்தோம். அதிலிருந்த எண்கள் சின்னவை. 5ஆம் வரியில் 40. 197ஆம் வரியில் 48. முதலில் அவற்றை நான் கடந்தே போய்விட்டேன். ஆயிரத்து நூற்றுச் சொச்சத்தைப் பார்த்த கண்ணுக்கு நாற்பது என்ன செய்யும்? ஆனால் உயிரை வாங்குகிற எண் அதுதான்.

197 என்பது டிஸ்க்கால் படிக்க முடியாமல் நிற்கிற செக்டர்களின், அதாவது தகவல் எழுதுகிற சிறு கட்டங்களின், எண்ணிக்கை. அந்த இடத்தில் எழுதியது என்ன என்று அதற்குத் தெரியவில்லை. தெரியாமல் தூக்கிப்போடவும் அதற்கு அனுமதியில்லை. அதனால் 'காத்திருப்பு' என்று குறித்துவைக்கிறது. அந்த இடத்தில் மறுபடி ஏதாவது எழுதும்போது பரிசோதிக்கும். எழுத்து நின்றால் எண் குறையும். நிற்காவிட்டால் அந்தச் செக்டரை ஒதுக்கிவிட்டு, கையிருப்பில் உள்ள வேறொரு செக்டரை அதற்குப் பதிலாகக் கொடுக்கும். அப்போது 5ஆம் வரி ஏறும். பல டிஸ்க்குகளில் இந்த எண்கள் எட்டு எட்டாகவே ஏறுவதைப் பார்க்கலாம். இன்றைய டிஸ்க்குகளில் உள்ளே சுழலும் தட்டின்மேல் உள்ள ஒரு உண்மையான செக்டர் 4,096 பைட். வெளியே அதை 512 பைட் கொண்ட எட்டுத் துண்டாகக் காட்டுகின்றன. ஒன்று போனால் எட்டும் போகும்.

அம்மா பார்த்த ஆறேழு விநாடி நிறுத்தத்தின் பொருள் இப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாஸுக்கென்று செய்யப்பட்ட டிஸ்க் படிக்க முடியாத இடத்தில் சுமார் ஏழு விநாடி முயன்றுவிட்டு, முடியவில்லை என்று கையை விரித்துவிடும். உடனே ரெய்டு மற்ற மூன்று டிஸ்க்கிலிருந்தும் கணக்குப் போட்டு அந்தத் துண்டை மீட்டுத் திரைக்குக் கொடுக்கும். கொடுத்த கையோடு கெட்ட இடத்தில் அதைத் திரும்ப எழுதியும் வைக்கும். அதனால்தான் நான் பின்னால் ஓட்டிப் பார்த்தபோது படம் நிற்கவில்லை. ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு மீட்பு. பெட்டி அருமையான வேலை செய்திருக்கிறது. செய்ததை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுபத்தொரு வயது அம்மாவின் கண் பிடித்ததை மூன்று வருடமாகத் 'தொடர் கண்காணிப்பு' செய்துவந்த மென்பொருள் சொல்லவில்லை.

ஏன் 'நார்மல்' என்று காட்டியது என்பதையும் தேடினேன். ஸ்மார்ட் அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் நிஜ எண் ஒன்று, டிஸ்க் தயாரிப்பாளர் கொடுக்கிற மதிப்பெண் ஒன்று, அந்த மதிப்பெண் இறங்கக்கூடாத விளிம்பு ஒன்று என்று மூன்று இருக்கும். என் டிஸ்க்கில் 5ஆம் வரியின் மதிப்பெண் 200இலிருந்து தொடங்குகிறது, விளிம்பு 140. நாற்பது செக்டர் செத்த பிறகும் மதிப்பெண் 199தான். 197ஆம் வரிக்கோ விளிம்பே 0. எத்தனை செக்டர் போனாலும் அந்த வரி அபாயமணி அடிக்காது. பெட்டி செய்ததெல்லாம் விளிம்பைத் தாண்டியதா என்று பார்த்ததுதான். தாண்டவில்லை, ஆகவே நார்மல், ஆகவே பச்சை.

பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன் கிடங்கில் ஓடுகிற டிஸ்க்குகளின் சாவுக் கணக்கைப் பல வருடமாகப் பொதுவில் வெளியிட்டுவருகிறது. அவர்கள் கவனிக்கச் சொல்கிற வரிகள் ஐந்து: 5, 187, 188, 197, 198. விளிம்பை அவர்கள் பார்ப்பதில்லை, நிஜ எண் பூஜ்யத்தைத் தாண்டியதா என்று பார்க்கிறார்கள். கூகுள் பொறியாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைப் பார்த்துச் சொன்னது இது: தட்டை வரிசையாகப் படித்துச் சோதிக்கும்போது முதல் பிழை வந்த டிஸ்க், பிழை வராததைவிட அடுத்த 60 நாளில் சாகிற வாய்ப்பு 39 மடங்கு. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. செத்த டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கு மேல், வெப்பத்தைத் தவிர வேறு எந்த ஸ்மார்ட் அறிகுறியும் காட்டாமலே செத்தன. அறிகுறி காட்டாமல் போனதற்காக யாரையும் நோக முடியாது. ஆனால் என் டிஸ்க் காட்டியது. வாய்விட்டுச் சொன்னது. நடுவில் இருந்த மென்பொருள்தான் அதை மறைத்துவிட்டது.

நேர்மாறான தவறும் உண்டு. 2023இல் சினாலஜி என்ற நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளில் வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க் வைத்திருந்த பலருக்கு, மூன்று வருடம் ஓடி முடிந்ததுமே எச்சரிக்கை வந்தது. டிஸ்க்கில் ஒரு கோளாறும் இல்லை. வயதாகிவிட்டது என்பதற்காக மட்டும் எச்சரிக்கை. வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். அந்தக் கோபம் நியாயமானது. காரணமில்லாமல் கத்துகிற மணியை மனிதன் அணைத்துவிடுவான், உண்மையிலேயே கத்தும்போது காதில் விழாது. ஒரு வீட்டுக்காரனுக்கு வேண்டியது இவ்வளவுதான்: இந்த மாதம் 5ஆம் வரி 40 ஏறியிருக்கிறது, போன மாதம் 0 என்று ஒரு வாக்கியம். கைப்பேசிக்கு ஒரு செய்தி. அதைச் செய்ய எந்தப் புதுக் கண்டுபிடிப்பும் தேவையில்லை.

இன்னொரு மனக்குறையையும் கொட்டிவிடுகிறேன். நான்கு டிஸ்க்கையும் மூலை முடுக்கு விடாமல் படித்துச் சரிபார்க்கிற 'டேட்டா ஸ்க்ரப்பிங்' என்ற வசதி பெட்டியில் இருக்கிறது. மாதம் ஒருமுறை அது ஓடியிருந்தால், அம்மா வீடியோ போடுகிற வரைக்கும் இந்தச் சேதி காத்திருந்திருக்காது. கடையிலிருந்து வரும்போதே அது அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது. பெட்டியை முதன்முதலில் அமைக்கும்போது மேகச் சேமிப்புக்குச் சந்தா கட்டச் சொல்லி மூன்று திரை வருகிறது. ஸ்க்ரப்பிங்கை இயக்கவா என்று கேட்க ஒரு திரைகூட வரவில்லை.

பெரிய கணினிக் கூடங்களுக்கு இந்தக் கவலை இல்லை. சிங்கப்பூர் 2019இல் புதிய டேட்டா சென்டர்களுக்கு அனுமதி கொடுப்பதை நிறுத்திவைத்த பிறகு, ஜொகூரில் அவை வரிசையாக எழும்பிவருகின்றன. கூலாய், செடெனாக் பக்கம் போனால் சன்னல் இல்லாத பெரிய பெரிய கட்டடங்களாகத் தெரியும். அந்தக் கூடங்களில் ஒரு டிஸ்க் தள்ளாடினால் மாற்றுவதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார். உலு திராம் தாமான் வீட்டில் அந்த ஆள் நாம்தான். அதனால்தான் நமக்கு விற்கிற பெட்டி இன்னும் தெளிவாகப் பேச வேண்டும் என்கிறேன்.

முழுச் சோதனை ஒன்று போட்டோம். 'எக்ஸ்டெண்டட் டெஸ்ட்' என்பார்கள். முடிய எட்டு மணி நேரம் ஆக வேண்டியது, ஒரு மணி நேரத்திலேயே 'படிப்பதில் தோல்வி' என்று நின்றுவிட்டது. அதற்கு மேல் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

இந்த இடத்தில் அவசரப்பட்டு டிஸ்க்கை மாற்றிவிடாதீர்கள். எல்லாரும் செய்கிற தவறு அது. மூன்றாம் டிஸ்க்கை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டால், அதை நிரப்புவதற்காக ரெய்டு மற்ற மூன்று டிஸ்க்கையும் முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர் வரை படித்தாக வேண்டும். மூன்றும் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே வெப்பத்தில் ஓடியவை. மூன்று நாலு பன்னிரண்டு டெராபைட் படிக்க வேண்டும். சாதாரண நாஸ் டிஸ்க்கின் உத்தரவாதக் கணக்கோ 10இன் 14ஆம் அடுக்கு பிட் படித்தால் ஒரு பிழை வரலாம் என்கிறது. அது பன்னிரண்டரை டெராபைட். நடைமுறையில் டிஸ்க்குகள் அதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. ஆனாலும் தாத்தாவின் படத்தை அந்தக் கணக்கின் விளிம்பில் நிறுத்த எனக்கு மனமில்லை. ரெய்டு 5இல் ஒரு டிஸ்க் வெளியே இருக்கும் நேரத்தில் இன்னொன்றும் தடுமாறினால் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. ரெய்டு என்ற கருத்து 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்டதே மலிவான டிஸ்க் செத்தாலும் வேலை நிற்கக்கூடாது என்பதற்காகத்தான். பேக்கப் என்பது வேறு வேலை. வெள்ளம், இடி, திருட்டு, கை தவறி அழிப்பது எதிலிருந்தும் ரெய்டு காப்பாற்றாது.

ஆகவே முதல் வேலையாக ஒரு வெளி டிஸ்க்கை யூஎஸ்பியில் மாட்டி எல்லாவற்றையும் பிரதி எடுத்தேன். பெரிய வீடியோக்கள் மளமளவென்று போயின. ஸ்கேன் செய்த பொடிக் கோப்புகள்தான் இழுத்தன. இரண்டு இரவும் ஒரு பகலும் ஆனது. அந்த நேரத்தில் வேறு யாரும் பெட்டியைத் தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லிவைத்தேன். பிரதி முடிந்ததும் இருபது முப்பது கோப்புகளைத் திறந்து பார்த்தேன். எல்லாம் திறந்தன.

புது டிஸ்க் வாங்குவதிலும் கண் வேண்டும். 2020 ஏப்ரலில் ஒரு சங்கதி வெளியே வந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் நாஸுக்கான ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில மாதிரிகள் எஸ்எம்ஆர் முறையில் எழுதுபவை என்பது வாங்குகிறவர்களுக்குச் சொல்லப்படாமலே விற்கப்பட்டிருந்தது. எஸ்எம்ஆரில் தடங்கள் கூரை ஓடு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒன்றைத் திருத்தினால் அடுத்தடுத்ததையும் திருப்பி எழுத வேண்டும். ரெய்டில் புது டிஸ்க்காகப் போட்டு நிரப்பும்போது மூச்சு வாங்கிவிடும், சில அமைப்புகள் டிஸ்க் கெட்டுவிட்டது என்று வெளியே தள்ளியும் விட்டன. அந்த அளவுகளில் மாதிரி எண் இஎஃப்ஏஎக்ஸ் என்று முடிந்தால் எஸ்எம்ஆர், இஎஃப்ஆர்எக்ஸ் என்று முடிந்தால் பழைய முறையான சிஎம்ஆர். வாங்கும் முன் தயாரிப்பாளரின் பட்டியலில் சிஎம்ஆர் என்று இருக்கிறதா என்று பாருங்கள். 2025 தொடக்கத்தில் இன்னொரு மோசடி அம்பலமானது. சர்வர்களில் ஓடித் தேய்ந்த சீகேட் டிஸ்க்குகளின் மணிக்கணக்கைப் பூஜ்யமாக்கிப் புதிது என்று விற்றிருந்தார்கள். ஸ்மார்ட் ஏட்டில் அழித்தவர்களால் 'ஃபார்ம்' என்கிற சீகேட்டின் உள் பதிவில் அழிக்க முடியவில்லை, அதில்தான் பிடிபட்டது. டிஸ்க் கைக்கு வந்த அன்றே மணிக்கணக்கைப் பாருங்கள். நான் ஜொகூர் பாருவில் ஒரு கடையில் ஐந்நூற்றுச் சொச்சம் வெள்ளிக்கு வாங்கினேன். கடையிலேயே மாட்டிக் காட்டச் சொன்னேன், முகம் சுளிக்காமல் காட்டினார்கள்.

எடுக்க வேண்டியது மூன்றாம் டிஸ்க். சரி, மூன்றாவது எது? பெட்டி திரையில் 'டிஸ்க் 3' என்கிறது. தட்டுகளின் முகப்பில் எண்ணே இல்லை. இடமிருந்தா, வலமிருந்தா? ஒரு டிஸ்க் ஏற்கெனவே தள்ளாடுகிறபோது நல்லதை உருவிவிட்டால் கதை முடிந்தது. இதற்காகக் கையேட்டைப் புரட்ட வேண்டியிருப்பதே அநியாயம். பெட்டியை அணைத்து ஒவ்வொரு தட்டாக இழுத்து, டிஸ்க்கின் சீரியல் எண்ணைத் திரையில் குறித்துவைத்ததோடு ஒத்துப் பார்த்தேன். கடைசி நான்கு இலக்கத்தை வெள்ளை நாடாவில் எழுதித் தட்டின் முகப்பில் ஒட்டினேன். பெட்டி வாங்கிய நாளே செய்யவேண்டிய வேலை இது, ஐந்து நிமிடம்கூட ஆகாது.

புதியதைப் போட்டு நிரப்பத் தொடங்கியது காலை பத்து மணிக்கு. அக்டோபர் மாதம் இங்கே பிற்பகலில் இடி இல்லாத நாள் குறைவு. நாலரைக்கு வானம் கறுத்தது. 62 சதவீதத்தில் ஒரு வெடிச் சத்தம், வீடு முழுக்க இருட்டு, மெயின் சுவிட்ச் விழுந்துவிட்டது. படிக்கட்டுக்குக் கீழே மட்டும் நான்கு விளக்குகள் அசையாமல் நின்றன. முந்தின வாரம் வாங்கிவைத்த 650 விஏ யூபிஎஸ் பிடித்துக்கொண்டது. மனைவி ஸ்டூல் போட்டு ஏறி சுவிட்சை மேலே தள்ளுவதற்கு நாலு நிமிடம் ஆகியிருக்கும். மின்சாரம் போனாலும் இந்த வேலை பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நாலு நிமிடம் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யூபிஎஸ்ஸிலிருந்து பெட்டிக்கு ஒரு யூஎஸ்பி கம்பி போக வேண்டும், மறந்துவிடாதீர்கள். பேட்டரி தீரப்போகிறது என்று அது சொன்னால்தான் பெட்டி தன்னைத் தானே ஒழுங்காக மூடிக்கொள்ளும்.

அன்று இரவே முடிந்தது. உடனே ஸ்க்ரப்பிங் ஓட்டினேன், நான்கிலும் பிழை இல்லை. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு ஓடும்படி வைத்திருக்கிறேன். தீபாவளியன்று அத்தையும் வந்திருந்தார். அதே வீடியோவைப் போட்டோம். தாத்தா சந்தனக் கிண்ணத்தை நீட்டினார், படம் நிற்கவில்லை.

இனி என் தீர்ப்பு. படங்களைத் தேடித் தருவதில், அமைதியில், வேகத்தில், கெட்ட செக்டரை மீட்பதில் இந்தப் பெட்டி முதல் தரம். தன் நோயைச் சொல்வதில் மூன்று வருடமாகத் தோற்றிருக்கிறது. ஸ்மார்ட் அட்டவணையைத் திறந்து பார்க்க வீட்டில் ஓர் ஆள் இருந்தால் வாங்கலாம். பெற்றோர் மட்டும் இருக்கிற வீட்டுக்கு இதை வாங்கிக் கொடுத்துவிட்டுத் தூர ஊரில் இருப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். நிறுவனம் 5, 197, 198 ஏறும்போது கைப்பேசிக்குச் செய்தி அனுப்பத் தொடங்கும் நாளில் இந்த வரியை மாற்றி எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு பெட்டி இருந்தால் இன்றிரவே கணினியில் திறந்து அந்த மூன்று வரியையும் பாருங்கள், ஒரு தாளில் தேதி போட்டு எழுதிவையுங்கள். அடுத்த மாதம் மறுபடி பாருங்கள். எந்த எண்ணாவது ஏறியிருந்தால் முதலில் பிரதி எடுங்கள், டிஸ்க்கை அப்புறம் மாற்றலாம். நான் எடுத்த பிரதி இப்போது கோத்தா திங்கியில் அத்தை வீட்டில், மாடி அறை அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.